மஞ்சள், பச்சை, நீலம்: தமிழ்க் கதை றாக்கையைச் சரிசெய்த விதம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் (Dewey) தமிழ்ப் புனைகதை எல்லாமே 894.8113 என்ற ஒரே எண்ணுக்குள் வந்துவிடும், அதனால் தரம் 6 பிள்ளை தேடும் சிறுவர் கதையும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கும் தடித்த நாவலும் அருகருகே நிற்கும், இடைவேளையில் கிளறிவிட்டுப் போனால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. எண்ணில் கை வைக்கவில்லை. அதற்கு மேலே நிற நாடா ஒட்டினேன்: சிறுவர் கதைக்கு மஞ்சள், இடைநிலைக்குப் பச்சை, நாவலுக்கு நீலம், றாக்கை விளிம்பிலும் அதே நிறம். துணி நாடாவாகவே வாங்குங்கள், இந்தக் கடற்காற்று ஈரத்தில் சாதாரண செலோடேப் உரிந்துவிடும். பிறகு, திரும்பி வரும் புத்தகங்களுக்கு மேசையில் ஒரு பெட்டி வைத்தேன், மாணவ நூலகர்கள்தான் அடுக்குவார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே மஞ்சள் பக்கம் போய்விடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.