யாரும் உட்கார்ந்துவிடாத பாட்டு வரிசை

எங்கள் சமூக மன்ற அறையில் சனிக்கிழமை டாங்கோ நடனத்துக்குப் பாட்டு போடுவது என் வேலை. டாங்கோ இசைக்குழுத் தலைவர் புக்லியேசேயின் இசை ஒலித்தால் புதியவர்கள் நாற்காலி தேடுவார்கள். அவர் வேகத்தை இழுத்து, தாளத்தை ஒளித்து விளையாடுபவர். கால் எங்கே வைப்பதென்று தெரியாது. எளிய தாளமாகவே போனாலோ பழகியவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

டாங்கோவில் மூன்று நான்கு பாட்டு சேர்ந்து ஒரு டாண்டா. நடுவே ஜோடி மாற கொஞ்சம் வேறு இசை. அதனால் டாண்டாவுக்கு டாண்டா ஆளைப் பார்த்து மாற்றலாம். தொடக்கத்தில் 1930களின் கனாரோ இசைக்குழு, அப்புறம் தாரியென்சோவுடையது. அவருடைய தாளம் சுத்தியல் அடி மாதிரி, தவறவே விடாது.

உண்மையில் கைகொடுத்தது 1950களின் டி சார்லி இசைக்குழு. வயலின்கள் நிதானமாகப் பாட, அடியில் தாளம் தெளிவாக நடக்கும். புதியவர்கள் வெறுமனே நடந்தாலே அழகு. பழகியவர்கள் பியானோவின் சின்னச் சின்னக் குழைவுகளைப் பிடித்து அடியை நீட்டுவார்கள். “தம்பி, இதையே இன்னொரு தடவை போடுப்பா” என்றார் எப்போதும் ஓரமாக நிற்கும் ஓர் அக்கா.

புக்லியேசே இப்போது கடைசிப் பக்கம், ஒரே டாண்டா. மிலோங்கா என்னும் வேகமான நடன வகையும் மூன்று பாட்டோடு சரி. ஏர்கான் ஓடியும் எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது.