மலைநாட்டுக்கு எந்த மாதம் போகலாம்? வன்னியிலிருந்து முதல்முறை புறப்படுகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் நுவரெலியாப் பயணம் பெரும்பாலும் வெயில் தாங்காமல்தான் முடிவாகும். கிணறு வற்றி, மண் புழுதியாகப் பறக்கிற ஒரு நாளில் யாராவது ஒருவர் "ஒரு வானைப் பிடிச்சுக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவமோ" என்பார். அடுத்த கிழமையே வெளிக்கிட்டுவிடுவோம்.

நாங்களும் அப்படித்தான் ஒரு யூன் மாதம் போனோம். எங்கள் வட்டக்கச்சியில் மழையைக் கண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரம்பொடை ஏற்றத்தில் முன்னால் போன லொறியின் பின்விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வானில் ஏழு பேர், ஒரே ஒரு குடை. மூன்று நாளும் விடுதி அறைக்குள் இருந்து கடதாசி விளையாடிவிட்டு இறங்கி வந்தோம். அந்தப் பிழையை நீங்களும் விடாமல் இருக்க, நாள் குறிக்கிற முறையை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: மலையில் உங்களுக்கு என்ன வேண்டும்?

குளிர் மட்டும் போதும் என்றால் மாதம் பார்க்கவே தேவையில்லை. உயரம் கூடக்கூட, 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.65 பாகை வீதம் வெப்பம் குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கிளிநொச்சியில் 33 பாகை கொதிக்கும் நாளில் அங்கே 20, 21தான். வருடம் முழுக்க இந்தக் கணக்குத்தான்.

ஆனால் மலையைக் கண்ணால் பார்க்க வேண்டும், அருவியருகே நின்று படம் எடுக்க வேண்டும், பிள்ளைகளோடு நடக்க வேண்டும் என்றால் மழையில்லாத மாதம் வேண்டும். சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுகம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும்தான் பருவகாலம். அந்த நாட்களில் படிக்கட்டு நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் இருட்டும் அட்டையும்தான் துணை.

படி 2: முற்றத்தில் நின்று காற்றைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை நம் பக்கம் வீசுவது சோளகம். ஓலையை முறிக்கும், தொண்டையை வறட்டும், மழை தராது. காரணம், அந்தக் காற்று தன் தண்ணீரை எல்லாம் மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டது. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வரும் காற்று மத்திய மலைநாட்டில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மழையாக விழும். வட்டவளைப் பக்கம் ஒரு வருடத்தில் பெய்கிற மழை, நமக்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. ஆக, வன்னியில் சோளகம் அடித்துப் புழுதி பறந்தால், அதே நாளில் ஹட்டனில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இங்கே நல்ல வெயில், அங்கேயும் நல்லாத்தான் இருக்கும்" என்று நாங்கள் நினைத்ததுதான் பிழை.

சரி, அப்போ சோளகக் காலத்தில் மலைப்பக்கமே போக முடியாதா? போகலாம், முகத்தை மாற்றிப் போக வேண்டும். மலைக்கு இரண்டு முகம். மேற்கு முகம் ஹட்டன், தலவாக்கலை. கிழக்கு முகம் ஊவா: பதுளை, பண்டாரவளை, எல்ல. மேற்கில் மழையைக் கொட்டிய காற்று, மறுபக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிவிடும். ஊவாவில் அதற்குக் கச்சான் காற்று என்று பேர். (முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாங்குகிற கச்சான் கடலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை வழிக்குச் சாப்பிட வைத்திருங்கள்.) யூலை, ஓகஸ்டில் எல்லவில் வானம் வெளித்திருக்கும், ஒன்பது வளைவுப் பாலத்தைக் காயக்காய நின்று பார்க்கலாம். நுவரெலியா இரண்டு முகத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது, சோளகக் காலத்தில் அதற்கும் நனைவுதான்.

இதற்குத் தேயிலையே சாட்சி. வறண்ட காற்று அடிக்கும்போதுதான் கொழுந்தில் மணம் ஏறும். மேற்கு முகத்தில் இருக்கிற திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை. எந்தப் பக்கம் எப்போது காய்ந்திருக்கும் என்பதைத் தேயிலை வியாபாரிகள் நமக்கு முன்பே கணக்குப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

ஒக்டோபர், நவம்பரில் எந்த முகமும் வேண்டாம். இடியோடு மழை, வங்கக் கடலில் தாழமுக்கம், மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. டிசம்பரில் வாடைக்காற்று நம் குளங்களை நிரப்பும்போது ஊவாவும் நனைந்துகொண்டிருக்கும்.

படி 3: வயலையும் பள்ளிக்கூடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மேற்கு முகத்துக்கும் நுவரெலியாவுக்கும் ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரை அருமையான காலம். வெளித்த வானம், காய்ந்த பாதை. விடியப்புறம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும் சில நாட்களில் காணலாம். நமக்கு அது அதிசயம், உருளைக்கிழங்கு வைத்தவருக்கு அது நட்டம்.

நமக்குத் தோதில்லாத விஷயம், அப்போதுதான் இங்கே காலபோக அறுவடை. வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு நுவரெலியா எங்கே நினைவு வரும்? அதனால் என் கணக்கு இது: நெல்லு வித்துக் காசு கைக்கு வந்த பிறகு, இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்து சிறுபோகம் தொடங்க முன்னம், மார்ச் மாதத்தில் ஒரு போயா லீவோடு சேர்த்து மூன்று நாள். பள்ளிக்கூட லீவில்தான் போகலாம் என்றால் ஓகஸ்டில் பண்டாரவளை, எல்லப் பக்கம். டிசம்பர் லீவை வீட்டிலேயே கழியுங்கள்.

படி 4: ஏப்ரலைப் பற்றி

ஏப்ரல் நுவரெலியாவின் வசந்தகாலம். பூக்கண்காட்சி, குதிரையோட்டம், குளக்கரையில் தலைக்கறுப்பு. அந்தக் கலகலப்புப் பிடிக்கும் என்றால் போங்கள். எனக்குப் பிடிக்காது. புத்தாண்டை ஒட்டிய இரண்டு கிழமையும் அறை வாடகை பல மடங்கு ஏறும், நகரத்துக்குள் வாகனம் நத்தையாக ஊரும், பின்னேரம் இடிமழையும் வரும். அதே பூக்களில் பாதியை மார்ச் கடைசியில் ஹக்கலைப் பூந்தோட்டத்தில் அமைதியாகப் பார்க்கலாம்.

படி 5: புறப்பட முந்தின கிழமை

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் இல்லாத ஊர் குறைவு. அவர்களின் சொந்தக்காரர் யாராவது இன்னும் தோட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு கோல் எடுப்பதுதான் முதல் வேலை. ஆனால் "மழையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டதற்குத் தலவாக்கலை அக்கா ஒருவர், "இல்லங்க தம்பி, தூத்தல்தான்" என்றார். அவர்களுக்குத் தூத்தல் என்றால் நமக்கு மாரி. "மத்தியானம் வரைக்கும் எதிர்மலை தெரியுதா, துணி எத்தனை நாளில் காயுது?" என்று கேளுங்கள். துணி மூன்று நாளாகியும் காயவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

அப்புறம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மஞ்சளுக்கே நான் போவதில்லை. வழியில் அவசரம் என்றால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117.

பயணம் நீண்டது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று நாம் சொல்வதே கண்டியிலிருந்து எண்ணிய மைல்தான். அதற்கு மேல் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் 77 கிலோமீற்றர், முழுக்க வளைவு. பிள்ளைகள் சத்தி எடுத்தால் உயரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். உயரத்தால் வருகிற நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான், நம் பிதுருதலாகலை உச்சியே 2524. சத்திக்குக் காரணம் வளைவும், மாத்தளையில் நிறுத்திச் சாப்பிட்ட கொத்தும்.

படி 6: நல்ல மாதத்துக்குள் நல்ல நேரம்

நுவரெலியாவுக்குப் பக்கத்து ஓட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற விளிம்பு இருக்கிறது. கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். எந்த மாதமானாலும் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு அதை மூடுபனி மூடிவிடும். அதனால் வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள், வாசலில் பிரித்து வாங்கிவிடுவார்கள். எங்கள் புட்டு வாழையிலையில் இருந்ததால் தப்பியது.

இரண்டாம் முறை, ஒரு மார்ச் மாதம், ஏழரைக்கே விளிம்பில் நின்றோம். கீழே தேயிலைத் தோட்டமும் அதற்கப்பால் மங்கலாகத் தெற்குச் சமவெளியும் தெரிந்தன. ஒன்பதேகால் இருக்கும், அடிவாரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது. நெல் அவிக்கிற பரலின் மூடியைத் திறந்தால் ஆவி எப்படி வரும், அப்படி. பத்து நிமிடத்தில் எல்லாம் மறைந்துவிட்டது. திரும்பி நடக்கும்போது எதிரே மூச்சு வாங்க வந்த ஒரு குடும்பம் எங்களை மறித்து, "அண்ணை, பள்ளம் தெரியுதோ?" என்று கேட்டது.