அடிப்பிடிச்ச பாத்திரத்துல கம்பி நார் வைக்கிறதுக்கு முன்னாடி

பால் கருகுற வாசனை வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு உடனே கரண்டிய விட்டு அடியில சுரண்டி பார்ப்போம்ல, மொத தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. கிண்டாம இருந்தா மேல இருக்குற பால் பாதிக்கு மேல தப்பிச்சிடும், பாத்திரத்தை லேசா சாய்ச்சு மேலாப்புல வேற பாத்திரத்துல ஊத்திட்டா போதும், சுரண்டிட்டா கருகின வாசனை மொத்த பாலுக்கும் ஏறிடும். பொங்கல், பாயசம், பருப்பு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

அடுத்தது, கொதிக்க கொதிக்க கொண்டு போய் குழாய்க்கு அடியில காட்டுறது. அந்த ஸ்ஸ்ஸ்னு வர்ற சத்தத்துல கருகினது பேந்து வந்துடும்னு தோணும், ஆனா வளையறது பாத்திரத்தோட அடிதான். மெலிசான எவர்சில்வர் பாத்திரம் அடி வளைஞ்சு அப்புறம் அடுப்புல நிக்காம ஆடும், ஆடுற பாத்திரத்துல சூடு ஒரே இடத்துல ஏறி மறுபடி அங்கயே அடிப்பிடிக்கும். வார்ப்பிரும்பு, மண்சட்டின்னா விரிசலே விட்டுடும். கை பொறுக்குற சூடு வர்ற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் வெந்நீர் ஊத்துங்க.

இப்ப கம்பி நார் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் இருக்கு, ஏன்னா நல்ல நல்ல பாத்திரமெல்லாம் இப்படி கீறல் விழுந்து போயிருக்கு. கருகினது காய்ஞ்சு போய் உலோகத்தை இறுக்கமா புடிச்சிருக்கு, அந்த நிலைமையில எவ்ளோ பலமா தேய்ச்சாலும் பாதிதான் வரும், மீதிக்கு பாத்திரத்துல கீறல் விழும், அந்த கீறல்ல அடுத்த தடவை பால் இன்னும் சீக்கிரமா புடிக்கும். முதல்ல என்ன கருகியிருக்குன்னு பாருங்க. கேசரி, பாயசம், வெல்லப்பாகுன்னா அது சர்க்கரை, தண்ணி ஊத்தி கொதிக்க விட்டாலே பெரும்பாலும் கரைஞ்சிடும், தேய்க்க வேண்டிய வேலையே இல்ல. சோறு, பொங்கல்னா மாவுச்சத்து, ரெண்டு மூணு மணி நேரம் ஊறினா தானா உப்பி விட்டு வரும். பால்தான் கொஞ்சம் முரண்டு புடிக்கும், அதுல புரதமும் சர்க்கரையும் சேர்ந்து கருகுறதால வெறும் தண்ணி பத்தாது. எவர்சில்வர்னா கருகல் மூழ்குற அளவு தண்ணி, ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு சின்ன தீயில பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, அப்படியே ஆற வெச்சு மரக்கரண்டியால தள்ளி பாருங்க, ஏடு ஏடா வரும். வரலைன்னா அந்த தண்ணிய கொட்டிட்டு இன்னொரு தடவை அதையே செய்யுங்க, பலத்தை கூட்டாதீங்க.

ஆனா இந்த சோடா வைத்தியத்தை அலுமினிய குக்கர்லயோ அலுமினிய சட்டியிலயோ பண்ணிடாதீங்க. ஆப்ப சோடா தண்ணியில கொதிக்கும்போது சலவை சோடாவா மாறும், காரத்தன்மை கூடும், பால் கருகலை அது கரைக்கிறதுக்கு காரணமே அதுதான், ஆனா அதே காரம் அலுமினியத்தையும் அரிச்சு கறுப்பாக்கிடும். எங்க வீட்டு குக்கர் ஒண்ணு உள்ள முழுக்க மங்கி கறுத்துப்போனது இப்படித்தான். அதுக்கு மாற்று நம்ம கிட்டயே இருக்கு, சாறு எடுத்த புளிச்சக்கையோ புழிஞ்ச எலுமிச்சை மூடியோ போட்டு கொதிக்க விடுங்க, கறுப்பும் போகும், கருகினதும் இளகும். ஹார்ட் அனோடைஸ்டு சட்டியும் அலுமினியம்தான், அதுலயும் சோடா வேண்டாம், வெந்நீர்ல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு ஊற வெச்சா போதும்.

சோடாவையும் வினிகரையும் ஒண்ணா கொட்டி நுரை பொங்குற வீடியோ நிறைய சுத்துது. அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு, காரமும் அமிலமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசில ரெண்டுமே பலமில்லாத ஒரு உப்புத் தண்ணிதான் மிஞ்சும். நம்ம பாட்டிங்க எண்ணெய்ப் பிசுக்குக்கு சாம்பல், பித்தளைக் கறைக்கு புளின்னு தனித்தனியா வெச்சிருந்தாங்க, சாம்பல் காரம், புளி அமிலம், கணக்கு சரியா இருந்துச்சு. எவர்சில்வர்லயும் அப்படித்தான், கருகலை சோடா எடுத்த பிறகு மிச்சம் தெரியுற வானவில் மாதிரி கறைக்கு எலுமிச்சை தேய்ங்க. ப்ளீச்சிங் பவுடர் மட்டும் கிட்டயே கொண்டு வராதீங்க, எவர்சில்வர்ல புள்ளி புள்ளியா குழி விழும், அதோட எலுமிச்சையோ வினிகரோ சேர்ந்துட்டா குளோரின் வாயு வரும், மூடின சமையலறையில அது உயிருக்கே ஆபத்து.

இரும்பு தோசைக்கல்லை ராத்திரி முழுக்க ஊற வெச்சா காலைல துருதான் இருக்கும். கல்லு வெதுவெதுப்பா இருக்கும்போதே கொஞ்சம் தண்ணி தெளிச்சு தோசைத்திருப்பியால சுரண்டிட்டு, கல் உப்பும் தேங்காய் நாரும் வெச்சு தேய்ச்சு, அடுப்புல காய வெச்சு எண்ணெய் தடவிடுங்க. புளி படக்கூடாது, பழக்கின எண்ணெய் பூச்சே போயிடும். மண்சட்டிக்கு சோப்பு வேண்டாம், அது உறிஞ்சிக்கிட்டு அடுத்த மீன்குழம்புல கக்கும், கடலை மாவோ சாம்பலோ போதும். வெள்ளீயம் பூசின பித்தளையில கம்பி நார் பட்டா அந்த பூச்சு உரிஞ்சு, உள்ள இருக்குற பித்தளை நேரா புளியோட சேரும். நான்ஸ்டிக்ல ஸ்பாஞ்சைத் தவிர எதுவும் வேண்டாம், கருகினதை எரிச்சு எடுக்கலாம்னு வெறுமனே அடுப்புல வைக்கவே வைக்காதீங்க, 260 டிகிரி தாண்டினா அந்த பூச்சு சிதைய ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, கருகின பாத்திரத்தை அப்படியே காய விட்டு, மறுநாள் பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா முன்னாடி வைக்கிற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு. அவங்க இதே மாதிரி நாலஞ்சு வீடு பார்க்கணும், சோப்புலயும் கம்பி நார்லயும் விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கும். ராத்திரி தூங்க போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு மூடி வெச்சிடுங்க, காலைல அவங்க தேங்காய் நாரால ஒரு சுத்து சுத்தினாலே வந்துடும்.