பெரிய மீன் தொட்டி: எந்த மீனை எதோடு விடக்கூடாது?

நான்கடித் தொட்டி வந்து, தண்ணீரும் நிரப்பி, விளக்கும் போட்டாயிற்று. அடுத்து மனதில் வருவது, "இவ்வளவு இடம் இருக்கிறதே, இனி எந்த மீனை வேண்டுமானாலும் வளர்க்கலாம்" என்கிற எண்ணம். பெரிய தொட்டிகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சின்னத் தொட்டியில் தவறு செய்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் கலங்கும், மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். பெரிய தொட்டியில் தண்ணீர் நிறைய இருப்பதால் அது நம் தவறை நெடுநாள் தாங்கிக்கொள்ளும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் விஷயம் வெளியே வரும். அதற்குள் விரல் நீளத்தில் வாங்கிய மீன் ஒரு அடியைத் தொட்டிருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 120 × 45 × 60 செ.மீ. பெருக்கினால் 324 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் இருப்பது 270, 280 லிட்டர். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை மனதில் வைத்துத்தான்.

கடையில் பார்ப்பது குஞ்சு

விற்பனைக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை குஞ்சுகள். நியான் டெட்ராவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அது வளர்ந்தாலும் 3, 4 செ.மீ.தான். ஆனால் அதே வரிசையில் அதே நீளத்தில் நீந்திக்கொண்டிருக்கும் ஆஸ்கர் 30 செ.மீ. வளரும். பாலா ஷார்க்கும் அந்த அளவுக்கு வரும்; கூடவே அது கூட்டமாக வாழும் மீன், ஒன்றை மட்டும் வாங்கி வைக்கவும் முடியாது. சிவப்பு வால் கெளுத்தி இன்னும் மோசம். கறுப்பு உடம்பும் வெள்ளைக் கோடும் பார்த்தவுடன் பிடித்துப்போகும். அமேசான் ஆற்றில் அது ஒரு மீட்டரைத் தாண்டும்.

என்னை அதிகம் வருத்துவது 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ்தான். அது சுறாவே இல்லை, மேகாங் ஆற்றுக் கெளுத்தி. உணவுக்காகக் குளங்களில் பெரிய அளவில் வளர்க்கப்படும் மீன், ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. சுபாவத்தில் பயந்தது. யாராவது வேகமாக அறைக்குள் வந்தாலோ திடீரென்று விளக்கைப் போட்டாலோ கண்ணாடியில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். நான்கடித் தொட்டியில் ஓடுவதற்கு இடமில்லாமல் அது திரும்பித் திரும்பி நீந்துவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

"தொட்டி அளவுக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும்" என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நம்ப வேண்டாம். இடமும் தண்ணீரின் தரமும் போதாததால் வளர்ச்சி குன்றுகிறதே தவிர, மீன் தன்னைத் தொட்டிக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொள்வதில்லை. அப்படிக் குன்றிய மீன் வாழ வேண்டிய காலத்தில் பாதி கூட வாழாமல் போய்விடும்.

ஒரு அங்குல மீனுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு சுற்றி வருகிறது. சிறு மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தும், பெரியவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒன்றரை அங்குல நியான் 10 விட்டால் மொத்தம் 15 அங்குலம். ஓர் அடி ஆஸ்கர் 12 அங்குலம். கணக்குப்படி பார்த்தால் ஆஸ்கருக்குத்தான் தண்ணீர் குறைவாகப் போதும்! எடையில் அந்த ஒரு ஆஸ்கர் பத்து நியான்களைவிட நூறு மடங்குக்கும் மேல். நீளம் இரண்டு மடங்கானால் உடம்பு எட்டு மடங்காகும். தின்பதும் கழிப்பதும் உடம்பைப் பொறுத்துத்தான். ஆகவே மீன் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது முழுசாக வளர்ந்தால் எவ்வளவு இருக்கும்?" என்பதுதான்.

துப்புரவுக்கு என்று ஒரு மீன்

"ஒரு சக்கர் மீன் போட்டுவிடுங்கள், தொட்டியை அதுவே சுத்தமாக வைத்துக்கொள்ளும்." இந்தப் பேச்சைக் கேட்டுச் சக்கர் வாங்காதவர்கள் குறைவு. 5 செ.மீ. இருக்கும்போது அது கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டுவது உண்மைதான். ஓரிரு வருடத்தில் அது 30 செ.மீ.க்கு வந்துவிடும், அதற்கு மேலும் போகும். அப்போது அது போடும் கழிவு, தின்னும் பாசியைவிடப் பல மடங்கு இருக்கும். அப்புறம் இரவு நேரத்தில் ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை உடம்பு மீன்களின் மேல் ஒட்டி, அவற்றின் மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும் பழக்கமும் வரலாம். மஞ்சள் நிறத்தில் விற்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டரிலும் இதே சிக்கல். வளர வளரப் பாசியில் நாட்டம் குறையும், முரட்டுத்தனம் கூடும்.

பாசி தின்ன ஒரு மீன் கட்டாயம் வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் வாங்குங்கள். 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும், யாரோடும் வம்புக்குப் போகாது. ஊறிய மரத்துண்டு ஒன்றும் அவ்வப்போது ஒரு வெள்ளரித் துண்டும் அதற்கு வேண்டும். ஆனால் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றும் வேலையை எந்த மீனும் நமக்காகச் செய்யாது.

ஒரே தொட்டி, வெவ்வேறு தண்ணீர்

இரண்டு மீன்கள் சண்டை போடாமல் இருந்தாலே அவை ஒத்துப்போகின்றன என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் சுகம். டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரி வேண்டும். இந்த இரண்டையும் 25 டிகிரியில் ஒன்றாக வைத்தால் நடுநிலை என்று தோன்றும். உண்மையில் இரண்டுக்குமே அது தவறான வெப்பம். தங்கமீன் சாதுவானது, எல்லாரோடும் விடலாம் என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. அதைத் தங்கமீன்களோடு மட்டும் வைப்பதுதான் அதற்கு நல்லது.

ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் குடும்ப மீன்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மலாவி ஏரியின் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஹெச் அளவு ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. அங்கே பாறைகளுக்கு நடுவே வாழும் ம்புனா வகை மீன்கள் பாறைமேல் படிந்த பாசியைத் தின்று வளர்பவை. அவற்றுக்குப் புரதம் மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் வயிறு ஊதிச் சாகும். நியானோ மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீரிலிருந்து வந்தது, புழு பூச்சி தின்பது. தண்ணீர், தீனி, குணம் மூன்றிலும் இவை ஒன்றுக்கொன்று எதிர். வளர்க்கும் முறையும் வேறு. ம்புனா தொட்டியில் சண்டை ஒரே மீன்மேல் விழாமல் பரவட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் நெருக்கமாக மீன் விடுவார்கள். அந்த யோசனையைக் கேட்டு ஒருவர் தன் ஏஞ்சல், டெட்ரா தொட்டியை நிரப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யோசனை கேட்கும்போது அது எந்த வகைத் தொட்டிக்குச் சொல்லப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

எளிய வழி, மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் பார்க்காமல், குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்து அதற்குப் பொருந்தும் மீனைத் தேர்ந்தெடுப்பது. கடினத் தண்ணீரா? ரெயின்போ, மோலி, பிளாட்டி எல்லாம் அதில் நன்றாகவே இருக்கும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியைச் சேர்க்காமல் தொட்டியில் ஊற்றக்கூடாது.

வாயில் நுழைவதெல்லாம் இரை

என் முதல் பெரிய தொட்டியில் காசு அளவில் 5 ஏஞ்சல்களும் 20 நியான்களும் விட்டிருந்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் எண்ணிப் பார்த்தால் நியான் 17. அடுத்த வாரம் 13. செத்த மீன் ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. ஏஞ்சல்கள் வளர்ந்துவிட்டன, அவ்வளவுதான். அவை கெட்ட மீன்கள் அல்ல; ஏஞ்சலும் சிக்லிட் குடும்பம், வாயில் நுழையும் சிறு மீன் அதற்கு உணவு. ஏஞ்சலோடு விட வேண்டுமென்றால் காங்கோ டெட்ரா மாதிரி உடம்பு பருமனான மீனாக இருக்கட்டும்.

அளவு ஒத்துப்போனாலும் குணம் ஒத்துப்போக வேண்டும். டைகர் பார்ப் நீளத் துடுப்பைக் கண்டால் கடிக்கும். ஏஞ்சலின் தொங்கும் துடுப்புகளும் கப்பியின் வாலும் சில நாட்களில் கிழிந்து நூலாகிவிடும். 8, 10 டைகர் பார்ப்களை ஒன்றாக வைத்தால் சண்டையைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அடுத்தவரிடம் போவது குறையும். பிளவர்ஹார்னுக்குத் துணை தேடவே வேண்டாம். அது தனியாக இருப்பதற்கென்றே அமைந்த மீன்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், எல்லாவற்றிலும் ஜோடி ஜோடியாக வாங்குவது. இரண்டு டெட்ரா, இரண்டு கோரி (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி), இரண்டு பார்ப், இரண்டு லோச். பார்க்க வகைவகையாக இருக்கும், ஆனால் இவை எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் கீழே போனால் மூலையில் ஒளிந்துகொள்ளும், நிறம் மங்கும், சில எரிச்சலில் மற்றவற்றைக் கடிக்கவும் செய்யும். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட ஒரு வகையில் பத்து வாங்குங்கள். பெரிய தொட்டியின் உண்மையான அழகே அப்போதுதான் வெளிப்படும். நான்கடி நீளத்துக்கு ஒரு கூட்டம் ஒன்றாகத் திரும்பும் காட்சியைச் சின்னத் தொட்டியில் பார்க்க முடியாது.

சரி, எதைத்தான் விடுவது?

பராமரிப்பு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது போஸ்மனி ரெயின்போ. இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியில் உள்ள அயமாரு ஏரிகளைச் சேர்ந்தது, 10 செ.மீ. அளவு, முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. கடையில் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறத்தில் சோர்ந்து தெரியும். முழு நிறம் வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பொறுத்திருந்தவர்கள் வருத்தப்பட்டதை நான் பார்த்ததில்லை. துள்ளும் மீன், அதனால் தொட்டிக்கு மூடி அவசியம்.

மேலேயும் நடுவிலும் 8 முதல் 10 ரெயின்போ, அடியில் 8 கோரி, ஒரு பிரிஸ்டில்நோஸ். 24 முதல் 26 டிகிரி, பிஹெச் 7 அல்லது சற்று மேலே. நம் 280 லிட்டருக்கு இது நிம்மதியான குடும்பம். முதல் சில மாதம் தொட்டி காலியாகத் தெரியும். தெரியட்டும், அந்த இடம் அவை வளர்வதற்கானது. கோரிகளுக்கு அடியில் மென்மையான மணல் வேண்டும். கூரான கல்லில் துழாவினால் அவற்றின் மீசை தேய்ந்துபோகும். அவை திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குடல் வழியாகவும் மூச்சு விடும் மீன் அது.

சாந்தமான தொட்டி பிடிக்குமானால் ரெயின்போவுக்குப் பதிலாக 10 காங்கோ டெட்ராவும், ஒரு ஆணும் மூன்று பெண்ணுமாகப் பேர்ல் கௌராமியும் விடலாம். டுவார்ஃப் கௌராமி என்ற குட்டி வகை நிறத்தில் கவரும், ஆனால் அதில் இரிடோவைரஸ் நோய் பரவலாக இருக்கிறது, மருந்தும் இல்லை. பேர்ல் எவ்வளவோ திடம். பெரிய மீன்மேல்தான் ஆசை என்பவர்கள் ஒரே ஒரு ஆஸ்கரோடு, அல்லது ஒரு செவெரமும் 5 சில்வர் டாலரும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில்வர் டாலர் செடிகளை மிச்சம் வைக்காது. ஆஸ்கருக்கு உயிருள்ள தங்கமீன்களை இரையாகப் போடாதீர்கள். நோய் தொற்றுவது ஒரு பக்கம், தங்கமீன் உடம்பில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி ஆஸ்கரின் உடலில் வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும்.

ஒரே நாளில் எல்லாம்

சரியான மீனையே தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே அத்தனையையும் இறக்கினால் கெட்டுப்போகும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை சோதனைக் கிட்டை வைத்துப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கூட்டமாக, இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். சாதுவானவை முதலில், இடம் பிடித்து ஆளும் வகை கடைசியில். முரட்டு மீன் முதலில் போனால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று ஆகிவிடும்.

புதிய மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல் ஒரு சின்னத் தொட்டியில் 2 முதல் 4 வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அதன் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து வேலை செய்யாது, வெளியே வந்து தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். 280 லிட்டருக்கு மருந்து போடுவதைவிட 40 லிட்டருக்குப் போடுவது எவ்வளவோ எளிது.

ஏற்கெனவே பொருந்தாத மீன் தொட்டியில் வளர்ந்து நிற்கிறதா? வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பெரிய தொட்டியோ குளமோ வைத்திருப்பவரிடம் பேசுங்கள். கிடைக்கும்வரை தண்ணீரை அடிக்கடி மாற்றி, தீனியை அளவாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீனான சக்கர் இன்று ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் பல நீர்நிலைகளில் பெருகி, கரைகளில் வளை தோண்டி மண்ணைச் சரித்து, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் பல, யாரோ ஒருவரின் தொட்டியில் இடம் போதாமல் வெளியே விடப்பட்ட மீன்களின் வம்சம்.