வயதானபின் நடைப்பயிற்சி: முதலில் மூச்சை விடப் பழகுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே செல்லும் செம்மண் பாதையில் காலையில் நடப்பவர்களுள் பலர், இளமையில் விடியுமுன் பால் வெட்டப் புறப்பட்டு, நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சுற்றி வந்தவர்கள். இன்று சிறு மேட்டில் ஏறினாலே இளைக்கிறதே என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

நுரையீரலின் திறன் ஏறத்தாழ 25 வயதில் உச்சத்தை எட்டி, பின்னர் புகைபிடிக்காதவர்களுக்கும் மெல்லக் குறைகிறது. விலாக்கூடு இறுகுகிறது, நுரையீரலுக்குக் கீழே மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் வலுக்குன்றுகிறது, நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளும் மீள்தன்மையும் தளர்கிறது. ஆகவே வேகமாக நடக்கும்போது பழைய காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடுகிறது. பலர் மூச்சை இழுக்கவே பாடுபடுகிறார்கள். பழக வேண்டியதோ விடுவதை.

முதல் வாரம் வீட்டிலேயே, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். வயிறு எழும்படி மூக்கு வழியே இரண்டு எண்ணும்வரை இழுத்து, அகல்விளக்கின் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை விடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பலமாக ஊத வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, சமதளப் பாதையில் முதல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். வயதான உடலுக்கு இந்த முன்னேற்பாடு கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. பிறகு இரண்டு அடிக்கு இழுத்து, நான்கு அடிக்கு விடுங்கள். நான்கு கடினமானால் மூன்று. மேட்டில் அடிகளைச் சுருக்குங்கள், மூச்சை அடக்காதீர்கள்.

உடன் வருபவரிடம் பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் வேகம் சரி. நாலு சொல் சேர்த்துப் பேச முடியாவிட்டால் குறையுங்கள். முடிக்கும்போதும் சட்டென நிற்காமல், ஐந்து நிமிடம் மெல்ல நடந்து ஓயுங்கள்.

இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கேளுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு இளைப்பது, கால் வீங்குவது, இரவில் மூச்சுத் திணறி எழுவது ஆகியவற்றை வயதின்மேல் போட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். நெஞ்சு வலித்தால் அவசர எண் 999ஐ அழையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால், அன்று நடையை விட்டு, நாற்காலிப் பயிற்சியை மட்டும் வீட்டுக்குள் செய்யுங்கள்.