"எப்போ முடியும்?" ஷீட்டில் ஆயிரம் தடவை ஓட்டிப் பாருங்கள்

"மிச்சம் 60 டிக்கெட். வாரத்துக்குச் சராசரியா ஆறு முடிக்கிறோம். அப்போ பத்து வாரம்." டிக்கெட் என்றால் டீம் முடிக்க வேண்டிய ஒரு சின்ன வேலை. மீட்டிங்கில் இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தன். கணக்கு சரிதான். அந்தத் தேதியை நம்பலாமா என்பதைத்தான் சராசரி சொல்லாது. அதைச் சொல்ல மான்டி கார்லோ சிமுலேஷன் இருக்கிறது. உடம்பு முடியாமல் ஓய்வில் இருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், 1946-ல் சாலிட்டேர் ஆடும்போது பிடித்த யோசனை இது: ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டு மண்டையை உடைப்பதைவிட, பல தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன?

கூகுள் ஷீட்ஸோ எக்செலோ போதும்.

படி 1. கடைசி பத்து வாரத்தில் முடித்த டிக்கெட் எண்ணிக்கையை 'ஏ' காலத்தில் (column) கீழே கீழே போடுங்கள். என் உதாரணம்: 7, 4, 9, 6, 2, 8, 5, 7, 3, 9. அந்த 2, சர்வர் படுத்த வாரம். அழித்துவிடக் கை துறுதுறுக்கும். விடுங்கள், இருக்கட்டும். இனிமேலும் ஏதாவது ஒன்று படுக்கத்தான் போகிறது.

படி 2. 'சி1' கட்டத்தில் இன்டெக்ஸ் (INDEX) ஃபார்முலா; பட்டியலில் நாம் சொல்லும் வரிசையில் இருப்பதை எடுத்துத் தரும். எந்த வரிசை என்று கேட்கும் இடத்தில் 1 முதல் 10 வரை ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN); அதற்குள் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கித் தரும். 'ஏ' காலத்தை டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். பத்துச் சீட்டைக் குலுக்கி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிற அதே வேலை. இதை வலப்பக்கம் 12 காலம், கீழே 1000 வரிசை இழுங்கள். ஒவ்வொரு வரிசையும் 12 வாரம் ஓடிய ஒரு கற்பனை பிராஜெக்ட்.

படி 3. ஒவ்வொரு வரிசைக்கும் முதல் 10, 11, 12 வாரங்களைத் தனித்தனியாகக் கூட்டுங்கள். 60-ஐ எட்டிய வரிசைகளை கவுண்ட்இஃப் (COUNTIF) போட்டு எண்ணி, 1000-ஆல் வகுங்கள்.

பத்து வாரத்துக்கு ஏறக்குறைய 53% வரும். பூவா தலையா போட்டுத் தேதி கொடுத்திருக்கிறோம்! 11 வாரத்துக்கு 80%, 12-க்கு 94% பக்கம். எதையாவது டைப் செய்தால் எண்கள் லேசாக ஆடும். குலுக்கல் புதிதாக நடக்கிறது, அவ்வளவுதான்.

படி 4. கிளையன்ட் பத்து வாரத்திலேயே நின்றால், 60-க்குப் பதில் 52 போட்டுப் பாருங்கள். வாய்ப்பு 85%-ஐத் தாண்டும். "ஏன் லேட்டாகும்?" என்று கேட்டவர்களிடம், எந்த எட்டு டிக்கெட்டைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம்.

"இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால்?" என்று மேனேஜர் கேட்பார். அதற்கு இந்த ஷீட்டில் பதில் கிடையாது. அந்தப் பத்து வாரத்தில் அவர்கள் இல்லையே.