விண்ணப்பத்தில் எந்த மேஜரை எழுதுவது?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறையான ஏகஜாலகத்தில் ஒரு முறையும், கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமின் அலாட்மென்ட்டில் மறு முறையும் பாடங்களை வரிசைப்படுத்திப் பழகியவர்கள். அங்கே மதிப்பெண்ணும் ரேங்கும் இடத்தை முடிவு செய்கின்றன; ஏன் அந்தப் பாடத்தை முதலில் எழுதினாய் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இடம் கிடைப்பது மிக அரிதான கல்லூரிகளில் இதே கேள்விக்கு வேறு பொருள் உண்டு. படிக்க விரும்பும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று நீங்கள் குறிக்கும் பாடத்தை உங்கள் மதிப்பெண்ணும் கட்டுரையும் ஆசிரியரின் கடிதமும் தாங்கி நிற்கின்றனவா என்று விண்ணப்பத்தைப் படிப்பவர் பார்ப்பார்.

ஆகவே, பாடத்தைத் தேடும் முன், நீங்கள் குறிக்கும் பெயர் அந்தக் கல்லூரியில் உங்களை எவ்வளவு தூரம் கட்டும் என்று அறிந்துகொள்ளுங்கள். எம்.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர் அனைவரும் மேஜர் இல்லாமலே நுழைகிறார்கள். ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டில்தான் முடிவைச் சொல்ல வேண்டும். இத்தகைய இடங்களில் நீங்கள் குறிப்பது உங்கள் நாட்டத்தைக் காட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. கார்னெலிலோ, பல்கலைக்கழகத்தின் உள்ளே இருக்கும் கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் விண்ணப்பிக்க முடியும். பென்சில்வேனியாவிலும் இளநிலைக்கென உள்ள 4 பள்ளிகளில், வணிகப் பள்ளியான வார்ட்டனோ பொறியியலோ, ஒன்றை முன்கூட்டியே குறித்தாக வேண்டும். கார்னகி மெலனிலும் இல்லினாய் அர்பானா ஷாம்பெயினிலும் வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது மிகக் கடினம். பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கே மாணவரை எடுக்கின்றன; ஒரே ஆண்டில் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கவும் இயலாது.

இதற்குப் பிறகே உங்கள் பாடம் எது என்ற கேள்வி வருகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், கடந்த 3 ஆண்டுகளில் யாரும் சொல்லாமலே நீங்கள் செய்தவற்றை எழுதுங்கள். பரிசு கிடைத்ததா என்று பார்க்க வேண்டாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி, போர்வெல் வற்றும் மாதங்களை அப்பாவிடமும் அண்டைத் தோட்டக்காரர்களிடமும் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பதை அறிந்து, வந்த நீரின் கணக்கை அவள் தேடிப் படிக்கிறாள். வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். ஆனால் அவளுடைய நோட்டு வேறு திசையைக் காட்டுகிறது. நீரின் ஓட்டமும் அளவும் அவளை இழுத்தால் சுற்றுச்சூழல் பொறியியல், இரு மாநிலங்கள் ஒரே நீரைப் பங்கிடும் முறை இழுத்தால் பொருளாதாரம் அல்லது பொதுக்கொள்கை, பாறைக்கு அடியில் நீர் தங்கும் விதம் இழுத்தால் புவியியற்பியல் என்று, ஒரே குறிப்பேட்டிலிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. இவற்றில் எந்தக் கேள்வியை அவள் நள்ளிரவிலும் விடாமல் தொடர்வாளோ, அதுவே அவளுடைய மேஜர். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி, இரண்டும் கலக்கும் இடங்களைக் கவனித்து எழுதி வைக்கும் பையனுக்கு மொழியியல் அதே போல் இயல்பாக அமையும்.

கூட்டம் குறைவாக உள்ள பாடத்தை எழுதி உள்ளே போய்விட்டு, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். நான் இதை முற்றிலும் மறுக்கிறேன். கட்டுப்பாடுள்ள கல்லூரிகளில் மாற முடியாமல் 4 ஆண்டுகள் சிக்கிக்கொள்வீர்கள். மற்ற இடங்களில், பண்டைக் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கற்கும் செவ்வியல் படிப்பைக் குறித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத விண்ணப்பம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் 10 செயல்பாடுகளுக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள்தான். அதிலேயே உங்கள் நாட்டம் தெரிந்துவிடும்.

பிளஸ் டூவில் எடுத்த பாடத் தொகுப்பையும் பாருங்கள். கணக்கு இல்லாத ஹ்யுமானிட்டீஸ் மாணவர் பொருளாதாரத்தைக் குறித்தால் அதற்கு ஈடாக வேறு சான்று வேண்டும். பொறியியலுக்குக் கணக்கும் இயற்பியலும் இன்றியமையாதவை. உண்மையிலேயே முடிவு செய்யாதவர்கள், கல்லூரி அனுமதித்தால், அப்படியே குறிக்கலாம். அதில் குறையேதும் இல்லை. ஆனால் உங்களை ஈர்க்கும் இரண்டு பாடங்களைக் கட்டுரையில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பெற்றோர் கேட்கும் வேலைக் கேள்விக்கும் இங்கே இடம் உண்டு. இப்போதுள்ள விதிப்படி, மாணவர் விசாவில் பட்டம் பெற்றவர் தன் துறையில் 12 மாதம் வேலை செய்யலாம். பாடம் அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். பொருளாதாரம் என்ற ஒரே பெயர் ஒரு கல்லூரியில் அந்தப் பட்டியலில் சேரும், இன்னொன்றில் சேராது. பாடங்களை வகைப்படுத்த அமெரிக்க அரசு தரும் எண்ணான சிப் குறியீட்டைக் கல்லூரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15. ஓண விடுமுறை முடிவதற்குள் கல்லூரிவாரியாக மேஜரை எழுதி முடித்து, பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்துக்கு நெருக்கமான ஆசிரியரிடம் கடிதம் கேளுங்கள். கேட்கும்போதே அந்த நோட்டுப் புத்தகத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.